நாற்பது விழுக்காடு யாருக்கு?

2023-ஆம் ஆண்டு தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும். சுங்காயில் அன்று மாலை நல்ல மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் இளவயதில் பால்மரம் வெட்டி, ரப்பர் போன பிறகு செம்பனைக் குலை வெட்டி, அந்த ஆண்டு ஐம்பத்தைந்து வயதை எட்டிய ஓர் அண்ணன், மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேசை மேல் விரித்தார்.

"வாத்தியாரே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. தண்ணிக் கம்பெனி ஒன்னு நாற்பது பெர்சன்ட் லாபம் கொடுக்குதாம். எனக்குச் சேமநிதிக் காசு எடுக்கிற வயசு வந்திருச்சு. மொத்தத்தையும் எடுத்து அதுல போட்டுடலாமான்னு பார்க்கிறேன். தெரிஞ்ச பையன் ஒருத்தன், காசைக் கையில கொடுங்க, நான் வாங்கித் தர்றேன்னு சொல்றான்."

துண்டை வாங்கிப் படித்தேன். அதில் இருந்த செய்தி பொய்யல்ல. ஆனால் அண்ணன் சொன்னது அதில் இல்லை. "கம்பெனியின் இலாபம் சென்ற ஆண்டைவிட 40 விழுக்காடு உயர்ந்தது" என்றுதான் அதில் இருந்தது. "போட்ட பணத்துக்கு 40 விழுக்காடு கொடுக்கும்" என்று எங்கும் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் உள்ள தூரம், சுங்காய்க்கும் சிங்கப்பூருக்கும் இடையில் உள்ள தூரம். அந்தத் தூரம் தெரியாமல் போயிருந்தால், ஒரு மனிதரின் முப்பத்தைந்து ஆண்டு வியர்வை முன்பின் அறியாத ஒரு கைக்குப் போயிருக்கும்.

அன்று இரவு பத்து மணி வரை, ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அன்று போட்ட கணக்கைத்தான் வாசகர்களே, இன்று உங்களோடும் சேர்ந்து போட்டுப் பார்க்கப் போகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஸ்டோரில் பால் நிறுத்த எடையையும் கிராணி எழுதிய எடையையும் ஒப்பிட்டு, "இரண்டு கிலோ குறையுதே!" என்று கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் நாம். இதுவும் அதே கணக்குத்தான். எண்கள் மட்டுமே கொஞ்சம் பெரியவை.

நமக்குத் தெரிந்த போத்தல்

அந்தத் துண்டில் இருந்த கம்பெனி நமக்கு அந்நியமானதல்ல. பிரேசர் அண்ட் நீவ். சுருக்கமாக எஃப் அண்ட் என். நான் சிறுவனாக இருந்தபோது தீபாவளிக்கு முதல் நாள் லயத்து வீடுகளில் பெட்டி நிறையக் கண்ணாடிப் போத்தல்கள் வந்து இறங்கும். ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, கறுப்பாய்ச் சார்சி ஒன்று. விருந்தாளி வந்தால்தான் உடைப்பார்கள். காலிப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்குவது எங்கள் வேலை. அந்தக் காசுக்காகவே நாங்கள் விருந்தாளிகளை வழிமேல் விழி வைத்துக் காத்திருப்போம்.

இந்தக் கம்பெனி 1883-இல் சிங்கப்பூரில் பிறந்தது. ஜான் பிரேசர், டேவிட் சால்மர்ஸ் நீவ் என்ற இருவர் அச்சுத் தொழிலில் இருந்தவர்கள். அவர்கள்தாம் சோடாத் தண்ணீர் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1898-இல் பொதுமக்களும் பங்கு வாங்கும் நிறுவனமாக மாறியது. 1936-இல் கொக்கோ கோலாவைப் போத்தலில் அடைக்கும் வேலையையும் ஏற்றது. 1983-இல் நூறாவது பிறந்த நாளையொட்டி ஒரு பானத்தை வெளியிட்டது. அதன் பெயரிலேயே அந்த நூறு இருக்கிறது. இன்று திடலில் பந்து விளையாடும் பையன்கள் கையில் இருக்கும் 100 பிளஸ் அதுதான். 2007-இல் மலேசியாவிலும் தாய்லாந்திலும் நெஸ்லே நடத்திவந்த டின்பால் தொழிலையும் வாங்கியது. ஆகவே விருந்துக்கு மட்டுமல்ல, விடியற்காலைத் தேத்தண்ணீருக்கும் இந்தக் கம்பெனி நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் உள்ள தாய்க் கம்பெனி 2013-இல் தாய்லாந்துத் தொழிலதிபர் சாரோன் சிரிவதனபக்தியின் குழுமத்தின் கைக்குப் போனது. நம் நாட்டில் உள்ள பிரேசர் அண்ட் நீவ் ஹோல்டிங்ஸ் பெர்ஹாட் கோலாலம்பூர் பங்குச் சந்தையில் தனியாகப் பதிவு பெற்றது. பாதிக்கு மேற்பட்ட பங்குகள் தாய்க் கம்பெனியிடம் இருக்கின்றன. மீதியை வைத்திருக்கும் பெரிய பங்குதாரர்களின் வரிசையில் ஊழியர் சேமநிதி வாரியத்தின் பெயரும் வந்திருக்கிறது. அண்ணன் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா என் காசு ஏற்கெனவே அங்கதான் இருக்கா?" என்றார். ஒரு துளி இருந்திருக்கும். சேமநிதிக்கு நாம் கட்டும் பணத்தை வாரியம் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. அரசாங்கக் கடன் பத்திரங்களிலும் கம்பெனிப் பங்குகளிலும் கட்டடங்களிலும் பரப்பிப் போட்டு வைக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு பிரட்டு

தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்று வேலை. பங்குச் சந்தையில் பதிவு பெற்ற கம்பெனிகளுக்கும் அப்படி ஒரு பிரட்டு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தம் வரவு செலவைச் சொல்லி அவை பொதுமக்கள் முன்னால் நிற்க வேண்டும். இந்தக் காலாண்டு அறிக்கை முறை நம் நாட்டில் 1999-இல் கட்டாயமாக்கப்பட்டது. கோலாலம்பூர் பங்குச் சந்தை என்று அப்போது வழங்கிய அமைப்பு 2004-இல் புர்சா மலேசியா என்று பெயர் மாறியது, விதி மாறவில்லை. காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் அறிக்கை வந்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் அதைப் படிக்கலாம். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை இருந்தால் கைப்பேசியில் எடுத்துத் தந்துவிடும்.

எஃப் அண்ட் என் நிறுவனத்துக்குக் கணக்கு ஆண்டு அக்டோபர் முதல் தேதி தொடங்கிச் செப்டம்பர் கடைசியில் முடியும். அதனால்தான் முழு ஆண்டுக் கணக்கு தீபாவளியை ஒட்டி வெளிவருகிறது.

அறிக்கையின் முதல் பக்கத்தில் நான்கு பத்திகள் இருக்கும். இந்தக் காலாண்டு, சென்ற ஆண்டின் இதே காலாண்டு, இந்த ஆண்டில் இதுவரை, சென்ற ஆண்டில் இதே நாள் வரை. ஏன் சென்ற ஆண்டோடு ஒப்பிட வேண்டும், போன காலாண்டோடு ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை கொட்டும்போது பால் குறையும். அந்த மாதத்துப் பாலை நவம்பர் மாதத்துப் பாலோடு ஒப்பிட்டு, "நீ சோம்பேறி" என்று எந்தக் கங்காணியாவது சொன்னால் நாம் சும்மா விடுவோமா? சென்ற ஆண்டு இலை கொட்டிய மாதத்தோடு இந்த ஆண்டு இலை கொட்டிய மாதத்தை ஒப்பிடுவதுதான் நியாயம்.

பானக் கம்பெனிக்கும் இலை கொட்டும் காலமும் பால் பெருகும் காலமும் உண்டு. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றுக்கு முந்திய வாரங்களில் கடைகள் சரக்கை வாங்கிக் குவிக்கும். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2023-இல் ஏப்ரல் 22-ஆம் தேதி வந்தது. 2025-இல் மார்ச் 31-ஆம் தேதி வந்துவிட்டது. அப்படி நகரும்போது ஒரு காலாண்டின் விற்பனை அதற்கு முந்திய காலாண்டுக்குள் போய்விடும். ஒன்றில் விற்பனை ஏறியது போலவும் அடுத்ததில் விழுந்தது போலவும் தோன்றும். உண்மையில் மாறியது தேதி மட்டுமே.

ஒட்டுக்கடை அக்காவின் கணக்கு

அறிக்கையை மேலிருந்து கீழே படிக்க வேண்டும். நம் ஊர் ஒட்டுக்கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து இரவு வரை கல்லாவில் விழுந்த மொத்தக் காசு விற்பனை. அது அறிக்கையின் முதல் வரி. மாவு, எண்ணெய், சீனி, பால், எரிவாயு வாங்கிய செலவைக் கழித்தால் மிஞ்சுவது மொத்த இலாபம். உதவிக்கு நிற்கும் பெண்ணின் சம்பளம், கடை வாடகை, மின்சாரம், விளம்பரப் பலகை எல்லாவற்றையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். வட்டிக் கடன் இருந்தால் வட்டியையும் கழிக்க வேண்டும். அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும். இத்தனையும் போனபின் கையில் நிற்பதுதான் நிகர இலாபம். அது கடைசி வரி. கல்லா நிறைந்ததைப் பார்த்து அக்கா பணக்காரி என்று சொல்பவன் முதல் வரியை மட்டும் படித்தவன்.

இப்போது எஃப் அண்ட் என் கணக்குக்கு வருவோம். ஒரு மில்லியன் என்பது பத்து இலட்சம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் முடிந்த ஆண்டில் விற்பனை ஏறத்தாழ 4,470 மில்லியன் வெள்ளி. நிகர இலாபம் ஏறத்தாழ 383 மில்லியன் வெள்ளி. 2023 செப்டம்பரில் முடிந்த ஆண்டில் விற்பனை ஏறத்தாழ 5,000 மில்லியன் வெள்ளி. நிகர இலாபம் ஏறத்தாழ 537 மில்லியன் வெள்ளி.

இதை ஒரு வெள்ளிக்குச் சுருக்கிப் பார்த்தோம். 2022-இல் ஒரு வெள்ளிக்குச் சரக்கு விற்றபோது கம்பெனியின் கையில் கடைசியாக நின்றது எட்டரைக் காசு. 2023-இல் அது பத்தே முக்கால் காசுக்குச் சற்றுக் குறைவு. மீதித் தொண்ணூறு காசு எங்கே போனது? பால் மாவு, சீனி, டின், பிளாஸ்டிக், லாரி வாடகை, சம்பளம், விளம்பரம், வரி என்று போய்விட்டது. "இவ்வளவுதானா?" என்று அண்ணனுக்கு ஒரே வியப்பு. வெள்ளிக்கு ஐம்பது காசாவது மிஞ்சும் என்று நினைத்திருந்தாராம். வெள்ளிக்குப் பத்துக் காசுதான். ஆனால் ஐயாயிரம் மில்லியன் முறை பத்துக் காசு!

நாற்பதின் கதை

383 என்பது 537 ஆனால் ஏற்றம் 154. அந்த 154, 383-இல் எத்தனை பங்கு என்று பார்த்தால் நூற்றுக்கு நாற்பது. பத்திரிகையில் வந்த நாற்பது இதுதான். இது இலாபத்தின் வளர்ச்சி. பங்கு வாங்கியவர் கையில் கிடைக்கும் காசல்ல.

இதிலும் ஏமாறக்கூடாத ஓர் இடம் இருக்கிறது. வகுப்பில் ஒரு பையன் முதல் தவணையில் இருபது மதிப்பெண் வாங்குகிறான். அடுத்த தவணையில் முப்பது வாங்குகிறான். ஐம்பது விழுக்காடு முன்னேற்றம்! ஆனால் இன்னும் தேறவில்லை. தொண்ணூறு வாங்கியவன் தொண்ணூற்று மூன்று வாங்கினால் முன்னேற்றம் மூன்று விழுக்காடுதான். எங்கிருந்து ஏறினான் என்று பார்க்காமல் எவ்வளவு ஏறினான் என்று மட்டும் பார்ப்பவர்கள், முதல் பையனுக்குத்தான் பரிசு கொடுப்பார்கள்.

எஃப் அண்ட் என் ஒன்றும் தேறாத பையன் அல்ல. ஆனால் 2022-இல் அது கொஞ்சம் தாழ்ந்த இடத்தில் நின்றது உண்மை. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளிலும் இலாபம் 400 மில்லியனை ஒட்டியே இருந்தது. 2022-இல் உலகம் முழுவதும் பால் மாவு, சீனி, டின், கப்பல் வாடகை எல்லாம் ஏறிக் கிடந்தன. நம் அரசாங்கமும் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் பெரிய கம்பெனிகளிடம் சுக்காய் மக்மூர் என்ற கூடுதல் வரியை வாங்கியது. 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட வருமானத்துக்கு வழக்கமான 24 விழுக்காட்டுக்குப் பதில் 33 விழுக்காடு. இப்படிப்பட்ட ஓர் ஆண்டோடு அடுத்த ஆண்டை ஒப்பிடும்போது ஏற்றம் பெரிதாகத்தான் தெரியும்.

அப்படியானால் பங்கு வைத்திருப்பவருக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கம்பெனிக்கு ஏறத்தாழ 367 மில்லியன் பங்குகள் உண்டு. 537-ஐ 367-ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 1 வெள்ளி 46 காசு இலாபம். இந்த முழுத்தொகையும் பங்குதாரருக்கு வராது. புதிய இயந்திரம் வாங்க, பண்ணை அமைக்க, கடன் அடைக்க என்று ஒரு பகுதியைக் கம்பெனி வைத்துக்கொள்ளும். இந்த நிறுவனம் நெகிரி செம்பிலான் கெமாசில் பெரிய பால் பண்ணை அமைக்கும் வேலையில் இறங்கியது. அதற்கெல்லாம் பணம் வேண்டுமல்லவா? மீதியில் ஒரு பகுதிதான் இலாப ஈவாக வரும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். ஒரு பங்கின் விலை 25 வெள்ளி, ஆண்டு ஈவு 75 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வெள்ளிக்கு மூன்று வெள்ளி. அதே 2023-ஆம் ஆண்டுக்குச் சேமநிதி வாரியம் வழக்கமான கணக்குக்குக் கொடுத்த ஈவு 5.50 விழுக்காடு. நாற்பதை நாடி வந்த அண்ணன் முன்னே மூன்றும் ஐந்தரையும் நின்றன. அவர் நெடுநேரம் பேசவில்லை.

பங்கின் விலை ஏறினால் அதில் ஆதாயம் உண்டே என்பீர்கள். உண்டு, இறங்கினால் நட்டமும் உண்டு. நல்ல செய்தி பத்திரிகையில் வந்து நம் கைக்கு எட்டும் நேரத்தில், சந்தையில் இருப்பவர்கள் அதைப் பார்த்து விலையை ஏற்கெனவே ஏற்றியிருப்பார்கள். விருந்து முடிந்த வீட்டுக்கு நாம் பசியோடு போய் நிற்போம்.

மாமரத்தை விற்ற காசு

ஓர் ஆண்டில் ஒரு குடும்பத்தின் வருமானம் திடீரென்று உயர்ந்தால், முதலில் கேட்க வேண்டியது, அது சம்பளமா, சொத்து விற்ற காசா என்பது. கொல்லையில் நின்ற மாமரத்தை வெட்டி விற்றால் அந்த ஆண்டு பை நிறையும். அடுத்த ஆண்டு பழமும் இல்லை, மரமும் இல்லை.

இதே கம்பெனி 2010-இல் தன் கண்ணாடிப் போத்தல் தொழிலை விற்றது. நாங்கள் சிறுவர்களாய்த் திருப்பிக் கொடுத்த போத்தல்களின் காலம் அதோடு இன்னும் கொஞ்சம் தூரமானது. அந்த ஆண்டு இலாபத்தில் அப்படி விற்று வந்த பணமும் சேர்ந்திருந்தது. அது மறுபடி வரும் வருமானமல்ல. அறிக்கையில் இதைத் தனியாகக் காட்டியிருப்பார்கள். தேடிப் பார்க்க வேண்டியது படிப்பவரின் வேலை.

இறங்கும்போதும் இதே கேள்விதான். 2011 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு கொக்கோ கோலாவை விற்கும் உரிமை முடிந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவு அது. அடுத்த மாதமே தாய்லாந்தில் பெருவெள்ளம். அயுத்தயாவில் ரோஜானா தொழிற்பேட்டையில் இருந்த இதன் பால் தொழிற்சாலை நீரில் மூழ்கியது. அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டை மட்டும் பார்ப்பவருக்குக் கம்பெனி கவிழ்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் வெள்ளம் வடியும், தொழிற்சாலை திரும்ப ஓடும். அது ஒரு முறை வந்த அடி. கொக்கோ கோலா போனது அப்படியல்ல. அது திரும்ப வராத வருமானம், அதன் இடத்தை வேறு பானத்தால் நிரப்பியாக வேண்டும். ஒரே காலாண்டில் விழுந்த இரண்டு அடிகள், இரண்டு வகை. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் படிக்காதவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். நம் கடைக்காரர் 555 புத்தகத்தில் எழுதி வைக்கும் கடனை அறிவீர்கள். புத்தகப்படி அவருக்கு இலாபம். ஆனால் சம்பள நாள் வரும் வரை கையில் காசு இல்லை. பெரிய கம்பெனிக்கும் அப்படித்தான். இலாபம் என்று எழுதியிருக்கும். பணம் வந்து சேர்ந்ததா என்பதை அறிக்கையில் உள்ள ரொக்க ஓட்டக் கணக்கு சொல்லும். இலாபம் ஏறிக்கொண்டே போய், கையில் ரொக்கம் குறைந்துகொண்டே வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காலாண்டு அறிக்கை தணிக்கை முடிந்த கணக்கல்ல என்பதையும் மறந்துவிடலாகாது.

முதல் வரியை எழுதுபவர்கள் நாம்

கணக்கின் முதல் வரி விற்பனை என்றேன். அந்த வரியை எழுதுவது யார்? நாம்தான். நாளுக்கு மூன்று வெள்ளி இனிப்புப் பானத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; மாதம் தொண்ணூறு வெள்ளி. 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தில், நம் பங்காகச் சேமநிதிக்குப் பிடிக்கப்படுவது 187 வெள்ளி. முதுமைக்குச் சேர்ப்பதில் ஏறத்தாழப் பாதியைப் போத்தலுக்குக் கொடுக்கிறோம்.

2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு என்று சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடத்தில் இருந்தார்கள். அதே ஆண்டு ஜூலை முதல் தேதி அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. நூறு மில்லிலிட்டரில் ஐந்து கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 காசு. 2024-இல் அது 50 காசானது. 2025-இல் மேலும் உயர்ந்தது. 325 மில்லிலிட்டர் டின் ஒன்றுக்கு முதலில் 13 காசு, பிறகு 16 காசு. சிறிய தொகைதான். ஆனால் கோடிக்கணக்கான டின் விற்பவருக்குச் சிறியதல்ல. ஆகவே கம்பெனிகள் சீனியைக் குறைத்துப் பானத்தைச் செய்யத் தொடங்கின. 100 பிளஸ் பானத்திலும் சீனி குறைக்கப்பட்டது. கணக்குப் புத்தகத்தின் ஒரு வரி மாறியதும் போத்தலுக்குள் இருந்த சீனி குறைந்ததைப் பாருங்கள். நாம் குறைத்தாலும் அந்த வரி மாறும். பங்கு வாங்க வசதியில்லாதவருக்கும் இந்த உரிமை உண்டு.

கேட்கத் தெரிந்தால் போதும்

நம்மவர்கள் பங்கில் பணம் போடுவது புதிதல்ல. 1993-இல் சந்தை கொதித்த காலத்தில், என் தந்தையும் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினார். கம்பெனி என்ன செய்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. 1997 பிப்ரவரியில் 1,271 வரை போன சந்தைக் குறியீடு 1998 செப்டம்பர் முதல் தேதி 262-க்கு இறங்கியது. அந்தப் பத்திரம் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் என் தங்கையின் திருமணம் வரை கிடந்தது, திருமணத்துக்கு உதவவில்லை.

1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் போட்டதையும் நீங்கள் அறிவீர்கள். தோட்டத் தொழிலாளர்கள் பலர் நகையை வைத்துக் கொடுத்த பணமும் அதில் இருந்தது. அது சந்தையில் பதிவு பெறாத நிறுவனம். ஆகவே மூன்று மாதப் பிரட்டுக்கு நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு என்ற விலையில் அது கைமாறியது. இதில் நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. கணக்கைக் கேட்கும் வழி இல்லாத இடத்தில் ஏழையின் பணம் எவ்வளவு காலம் இருட்டில் கிடக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆகவே யாராவது உங்களிடம் பங்கு என்று வந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள். கம்பெனி சந்தையில் பதிவு பெற்றதா? கடைசிக் காலாண்டு அறிக்கை எங்கே? இலாபம் தொழிலில் வந்ததா, மாமரம் விற்று வந்ததா? ரொக்கம் வந்து சேர்ந்ததா? என் பங்குக்குக் காசாக எவ்வளவு வரும்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல், "அதெல்லாம் எதற்கு, காசைக் கொடுங்கள்" என்றால், அவரைத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உண்மையாகவே பங்கு வாங்குவதானால் உரிமம் பெற்ற தரகு நிறுவனத்தில் உங்கள் சொந்தப் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. சந்தேகம் இருந்தால் பத்திரங்கள் ஆணையம் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணன் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கூரை மாற்றவும் மகளின் படிப்புக்கும் வேண்டிய தொகையை மட்டும் எடுத்தார். மீதியைச் சேமநிதியிலேயே விட்டுவைத்தார். ஐம்பத்தைந்துக்குப் பிறகும் அங்கே விட்டுவைக்கலாம், ஆண்டுதோறும் ஈவு சேரும் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. "வாங்கித் தர்றேன்" என்ற பையன் அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லையாம்.

அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் மறுபடி வந்தார். கையில் புதிய பத்திரிகைத் துண்டு. கூடவே என் வீட்டிலிருந்து எடுத்துப்போன அதே கணக்குப் புத்தகம்.

"வாத்தியாரே, விற்பனை ஏறியிருக்கு. ஆனா லாபம் 540 மில்லியன் பக்கத்துலயே நிக்குது. போன வருஷம் நாற்பது ஏறுச்சுன்னாங்களே, இந்த வருஷம் ரெண்டு கூட ஏறலை. நான் போட்ட கணக்குச் சரிதானா, பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். பென்சிலால் போட்டிருந்தார். சரியாகத்தான் இருந்தது.